காயலான் கடைக்கு யாரை அனுப்புவது?

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் வாசலில் நின்றிருந்த எங்கள் வேனைச் சுட்டிக்காட்டி, "இதை இன்னும் ஏன் கட்டி அழுகிறீர்கள்?" என்று கேட்டார். கேட்டதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். "பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவது சிக்கனம் அல்ல, சமூகத்துக்குச் செய்யும் துரோகம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அவருடைய தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் மூன்று குற்றச்சாட்டுகள் கிடைக்கின்றன. பழைய வண்டி பணத்தை விழுங்குகிறது என்பது ஒன்று. காற்றைக் கெடுக்கிறது என்பது இரண்டு. உயிருக்கு ஆபத்து என்பது மூன்று. அன்று கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்ல இயலவில்லை. இப்போது சொல்கிறோம். முதல் குற்றச்சாட்டு பொய். இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது முழு உண்மை. ஆனால் அதில் குற்றவாளி வண்டியின் வயது அன்று.

எங்கள் கட்சி இதுதான்: வண்டியை அளக்க வேண்டியது அதன் நிலையைக் கொண்டு, பிறந்த ஆண்டைக் கொண்டு அல்ல. இதை மறுக்கும் பணக்காரப் புத்திமதியோடும் எங்களுக்கு வழக்கு உண்டு. "ஓடும்வரை ஓடட்டும்" என்னும் ஏழைச் சோம்பலோடும் வழக்கு உண்டு. இரண்டாவது வழக்கில் நாங்களே முதல் எதிரிகள். அதையும் மறைக்காமல் எழுதப்போகிறோம்.

*

சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்ததில்லை. 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா தம் புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதை நாம் எல்லோரும் நெகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறோம். நெகிழ்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதுகுவலி யாருக்கும் இலட்சியமாக இருக்கத் தேவையில்லை. சேலத்திலிருந்து ஈரோட்டுக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் இருபத்தைந்து கட்டுகளைக் கொண்டுபோய், பத்து நாள் கழித்து விற்காத பதினெட்டுக் கட்டுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பார்சலில் போட்டால் மூலைகள் மடங்கி வரும். வாடகை வண்டி அமர்த்தினால் விற்ற பணம் வாடகைக்கே சரியாகிவிடும்.

ஆகவே 2021இல், எங்களில் ஐந்து பேர் ஆளுக்குப் பதினேழாயிரம் போட்டு, 85,000 ரூபாய்க்கு ஒரு சிறிய பெட்ரோல் வேனை வாங்கினோம். 2007இல் பதிவான வண்டி. ஐவரில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் அச்சகத்தில் வேலை, ஒருவர் மருந்துக்கடையில்; மற்ற இருவருக்கும் நிலையான வருமானம் என்று ஒன்று கிடையாது. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் 64,000 கிலோமீட்டர் காட்டியது. பதினான்கு ஆண்டு ஓடிய வேன் 64,000 என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும். நாங்கள் மகிழ்ச்சியடைந்தோம். கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டீயரிங் வளையம் வழவழவென்று மின்னியது. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. இவை மீட்டரைவிட நேர்மையான சாட்சிகள். எண்ணைத் திருப்பி வைப்பது எளிது. தேய்ந்த ரப்பரை யாரும் திருப்பி வளர்க்க முடியாது. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. எங்கள் டயர்களில் 2312 என்றிருந்தது. அதாவது 2012ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறது, டயர் புதுசு என்று தரகர் சொன்னார். ஒன்பது வயதான ரப்பர் பார்வைக்குப் புதிதாக இருக்கலாம். வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். ஒரு கவிதைத் தொகுப்பின் பதிப்பு விவரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் நாங்கள், இந்த நான்கு இலக்கத்தைப் படிக்கவில்லை.

காகித விஷயத்தில் மட்டும் புத்தியோடு நடந்துகொண்டோம். வண்டி கைமாறி வந்திருந்தும் ஆர்.சி. புத்தகம் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்றார் தரகர். படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் விழும்வரை பணம் தரமாட்டோம் என்றோம். இது வீண் கெடுபிடி அன்று. பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய வண்டியை விற்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் அறியாமலேயே கையொப்பமில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

*

இனி முதல் குற்றச்சாட்டு: பணம்.

"மாதம் மாதம் மெக்கானிக்குக்குக் கொட்டுவதற்குத் தவணையில் புது வண்டி எடுத்துவிடலாமே" என்பது மத்தியதர வர்க்கத்தின் தாலாட்டு. தாலாட்டில் கணக்குப் பார்ப்பது அழகன்று என்றாலும் பார்த்துவிடுவோம். ஐந்து லட்ச ரூபாய்க் கடன், ஒன்பதரை விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 8,170 ரூபாய். எண்பத்து நான்கு மாதத்தில் 6,86,000 ரூபாய்க்கும் மேல். முன்பணமும் முழுக் காப்பீடும் இதற்கு வெளியே.

எங்கள் கணக்கு நோட்டைத் திறக்கிறோம். பெட்ரோலும் காப்பீடும் நீங்கலாக, முதல் ஆண்டு 46,200 ரூபாய் (நான்கு டயர், கிளட்ச், ரேடியேட்டர்). இரண்டாம் ஆண்டு 31,500 (பிரேக் முழுவதும், பதிவுப் புதுப்பிப்பு). மூன்றாம் ஆண்டு 19,800. நான்காம் ஆண்டு 22,700. ஆக 1,20,200. வாங்கிய விலையையும் சேர்த்து நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 4,275 ரூபாய். தவணையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புக்கு உரியதையும் கொடுத்துவிடுகிறோம். ஏழு ஆண்டு முடிவில் தவணை கட்டியவர் கையில் விற்கக்கூடிய ஒரு வண்டி இருக்கும். எங்கள் கையில் இரும்பு இருக்கும். எங்கள் வண்டி மூன்று முறை நடுவழியில் நின்றது. ஒரு தடவை புத்தகக் கண்காட்சியின் முதல் நாளே எங்களுக்குப் போயிற்று. இவற்றுக்கும் விலை உண்டு.

ஆனால் புத்திமதி சொல்கிறவர்கள் காணாத ஒன்று இருக்கிறது. தவணைக்குத் தேதி உண்டு. அது யார் வீட்டு நிலைமையையும் கேட்பதில்லை. பழைய வண்டியைக் காசில்லாத மாதத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து போகலாம். தவணையை எந்த மரத்தடியிலும் நிறுத்த முடியாது. நிலையான சம்பளம் உள்ளவருக்கு இந்த வேறுபாடு புரியாது. அவருக்கு மாதங்கள் எல்லாம் ஒரே அளவு. எங்களில் இருவருக்கு மாதங்கள் வெவ்வேறு அளவு. பழைய வண்டி என்பது ரசனைக் குறைவோ கஞ்சத்தனமோ அன்று. வருமானம் ஒழுங்காக வராத வீடுகள் கண்டுபிடித்த ஒரு நிதி ஏற்பாடு. அதைப் பழிப்பவர்கள் முதலில் வருமானத்தை ஒழுங்குபடுத்தித் தரட்டும்.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பழுது, கையில் காசிருக்கும் மாதம் பார்த்து வராது. ஆகவே வண்டி நல்லபடியாக ஓடும் மாதத்திலும் ஆளுக்கு 500 ரூபாய் ஒரு டப்பாவில் விழுந்துவிட வேண்டும். ஓடுகிற மாதத்தில் எடுத்து வைக்காதவனுக்குப் பழைய வண்டி சிக்கனம் ஆகாது. ஒத்திவைத்த கடன்தான் ஆகும்.

*

இரண்டாவது: காற்று.

பழைய இயந்திரம் அதிகம் புகைக்கும் என்பதை மறுக்கும் அளவுக்கு நாங்கள் மூடர்கள் அல்லர். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்பனையாகும் பி.எஸ்.-6 வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது சாலையோரம் கடை போட்டிருப்பவர்களே, எங்களைவிட ஏழைகள். இந்த வாதத்துக்கு நாங்கள் தலைவணங்குகிறோம்.

ஆனால் சட்டம் இந்த வாதத்தின்படி நடந்திருக்கிறதா? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை ஒட்டி, தில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓடவிடக்கூடாது என்றது. 2025 ஜூலை முதல் தேதி அப்படிப்பட்ட வண்டிகளுக்குத் தில்லியில் எரிபொருள் மறுக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் நீதிமன்றமே வண்டியின் வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்மேல் கடும் நடவடிக்கை கூடாது என்று இடைக்கால ஆணை இட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4க்கும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கும் மட்டுமே என்று திருத்தியது. எங்கள் வண்டி பி.எஸ்.-4க்கு முற்பட்டது. நாங்கள் தில்லிவாசிகளாக இருந்திருந்தால் அந்த ஆணை எங்களைக் காப்பாற்றியிராது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வயதைப் பார்த்த சட்டம், என்ன வெளியே வருகிறது என்று பார்க்கும் திசையில் ஓரடி எடுத்துவைத்திருக்கிறது. எங்கள் கட்சிக்கு எதிராகவே வந்தாலும் அது சரியான அடி.

தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. இங்கே வேறொரு வழி: கட்டணம். பதினைந்து ஆண்டு நிறைந்த காரின் பதிவைப் புதுப்பிக்க நடுவணரசு வாங்கிவந்த 600 ரூபாய் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ரூபாய் ஆயிற்று. புகை குறைந்த வண்டிக்கும் இதே தொகை. கரும்புகை கக்கும் வண்டிக்கும் இதே தொகை. இதற்குப் பெயர் சுற்றுச்சூழல் கொள்கையா?

2021இல் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கையைப் பாருங்கள். பழையதைக் கொடுப்பவருக்குப் புதிய வண்டியின் காட்சியறை விலையில் 4 முதல் 6 விழுக்காடு பழைய இரும்பின் விலையாகக் கிடைக்கும் என்றார்கள். சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை தள்ளுபடி, பதிவுக் கட்டண விலக்கு, தயாரிப்பாளர் தரக்கூடிய 5 விழுக்காடு தள்ளுபடி என்றும் அடுக்கினார்கள். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகைகளில் இரும்பு விலை நீங்கலாக மற்ற எல்லாம் புது வண்டி வாங்குகிறவருக்கே பயன்படுபவை. நான்கு லட்ச ரூபாய் வண்டிக்குக் கணக்கிட்டால் இரும்பு விலை 16,000 முதல் 24,000 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு இன்னொரு புதுமையான பழைய வண்டியைக்கூட வாங்க முடியாது. பழையதைக் கைவிடும் ஏழைக்குப் பேருந்துக் கட்டணம். பழையதைக் கைவிடும் வசதிக்காரருக்கு வரித் தள்ளுபடி. காயலான் கடைக்குப் போகவேண்டியது வண்டியா, வண்டிக்காரனா?

பெட்ரோல் கதையும் இதுவே. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாட்டின் பொது எரிபொருளாகிவிட்டது. 2023க்கு முன் வந்த வண்டிகள் பெரும்பாலும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும்; சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம், செலவு சிறியதே என்று அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் சொன்னது. எங்கள் வண்டியின் பெட்ரோல் குழாய் கசிந்தது; 640 ரூபாய்க்கு மாற்றினோம். எத்தனாலால்தான் கசிந்தது என்று நாங்கள் சாதிக்கவில்லை. பதினெட்டு வயதான குழாய் தானாகவும் கசியும். சிறிய செலவுதான். ஆனால் யாருக்குச் சிறியது என்பதைப் பெரிய இடத்தில் இருப்பவர்களே எப்போதும் தீர்மானிக்கிறார்கள்.

*

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறோம். இங்கே எங்கள் குரல் தாழ்கிறது.

2022 ஜூலையில் ஓசூரில் புத்தகம் விற்றுவிட்டு, விற்காதவற்றின் பாரத்தோடு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் மூவர். தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கி வந்தால் தொப்பூர்க் கணவாயில் சாலை நீண்ட இறக்கமாக இறங்கும். எத்தனையோ லாரிகள் கட்டுப்பாடிழந்து எத்தனையோ குடும்பங்களை அழித்த இறக்கம். எங்களுக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டிய நண்பர் நான்காவது கியரிலேயே இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தினார். பாதி இறக்கத்தில் மிதி பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

அவர் கத்தவில்லை. கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கினார், இன்ஜின் அலறியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சாலையோரச் சரளையில் ஏற்றி நிறுத்தினார். லாரியின் பின்விளக்குகள் எங்களுக்கு முன்னால் பத்தடியில் இருந்தன. வெகுநேரம் யாரும் பேசவில்லை. பின்னால் சரிந்த கட்டு ஒன்றிலிருந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாக விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அரைமணி கழித்து மிதி மறுபடி கெட்டியாகிவிட்டது. அதுவே எங்களைக் குழப்பியது. மறுநாள் மெக்கானிக் அண்ணன் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார். காப்பி டிகாஷன் நிறம்.

"இதை மாத்தி எத்தனை வருசமாச்சுங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை.

"வண்டிக்கு வயசு ஒண்ணும் பண்ணாதுங்க. தண்ணியுஞ் சூடுந்தான் பண்ணும்" என்றார்.

அவர் சொன்னதன் பௌதிகம் இது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 'டாட் 3' வகை, புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி, ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே மிதி தரையைத் தொடுகிறது, சக்கரத்துக்கு அழுத்தம் போவதில்லை. ஆறினால் குமிழ் மறைந்து எல்லாம் சரியானதுபோல் தோன்றும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. செலவு, கூலி உட்படச் சில நூறு ரூபாய். ஏற்றத்தில் எந்த கியரோ இறக்கத்திலும் அதே கியர் என்பது லாரி ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிந்த விதி. அதற்குச் செலவே இல்லை.

முந்தின மாதம் நாங்கள் என்ன செய்திருந்தோம் தெரியுமா? வேனின் பக்கவாட்டில் இதழின் பெயரை அழகிய எழுத்தில் எழுதவும் இருக்கைகளுக்கு உறை தைக்கவும் 4,500 ரூபாய் செலவழித்திருந்தோம். எழுத்துருவைப் பற்றி இரண்டு மாலைப்பொழுதுகள் விவாதித்தோம். பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு நிமிடமும் பேசவில்லை. அன்று மூவர் இறந்திருந்தால், முன்னால் போன லாரியின் ஓட்டுநருக்கோ வேறு யாருக்கோ ஏதேனும் ஆகியிருந்தால், "ஏழைகள், பாவம், பழைய வண்டி" என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யாக இருந்திருக்கும். எங்களிடம் பணம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்ற அறிவுதான் இல்லை.

ஆகவே "ஓடும்வரை ஓடட்டும்" என்பவர்களுக்கும், கயிற்றால் கட்டி ஓட்டுவதைச் சாமர்த்தியமாகக் கதை சொல்கிறவர்களுக்கும் சொல்கிறோம்: அது எளிமை அல்ல. எதிரே வருகிறவனின் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது. வறுமைக்கு இருக்கும் உரிமைகளில் அது சேராது.

*

இப்போது எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறது: நிற்பது முதலில், ஓடுவது பிறகு, அழகு கடைசி.

பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு ஆகியவற்றில் பழுதென்றால் கையில் காசில்லாவிட்டால் வண்டி வெளியே எடுக்கப்படாது, விவாதம் கிடையாது. இந்தப் பாகங்களைப் பழைய பாகச் சந்தையில் வாங்குவதும் கிடையாது. புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், இருக்கை வாங்கலாம், பிரேக் வாங்கக்கூடாது.

அடுத்தது, சூடும் எண்ணெயும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட் கலந்துதான் ஊற்றவேண்டும். சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கவேண்டும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டும் பத்து நிமிடத்தில் சில நூறு ரூபாய்க் குழாய்ப் பழுது, ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்ப் பல ஆயிரம் ரூபாய் வேலையாக மாறிவிடும். ஆயில் மூடியின் அடியில் பாலாடைபோல் வெளுத்த பசை திரண்டிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கக்கூடும். வாங்கப்போகும் வண்டியில் அதைக் கண்டால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். பெயிண்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் டப்பாவில் ஒரு காசும் கிடையாது.

இவை எங்கள் கடமை. அரசின் கடமையையும் சொல்லிவிடுகிறோம்.

இந்த நாட்டில் சொந்த உபயோகக் கார் ஒன்று பதிவான நாளிலிருந்து பதினைந்து ஆண்டுக்கு அதன் பிரேக்கை எந்த அரசு அதிகாரியும் அழுத்திப் பார்ப்பதில்லை. புகைச் சான்று உண்டு. அது புகையை மட்டுமே பார்க்கும். ஐந்தாவது ஆண்டிலேயே பிரேக் தேய்ந்த வண்டி, புதிய வண்டி என்னும் கௌரவத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். பதினைந்தாவது ஆண்டு நிறைந்த மறுநாள் திடீரென்று எல்லோருக்கும் பாதுகாப்பைப் பற்றிய ஞானம் பிறக்கும். இங்கிலாந்தில் மூன்று வயது நிறைந்த கார் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குப் போகவேண்டும். பிரேக், டயர், ஸ்டீயரிங், துரு, புகை எல்லாம் பார்க்கிறார்கள். ஐந்து வயதானாலும் தோற்பது தோற்கும். இருபது வயதானாலும் தேறுவது தேறும். மீட்டர் எண்ணும் அப்போதே பதிவாகிறது. வண்டியின் பதிவெண் தெரிந்த எவரும் அந்த வரலாற்றை இணையத்தில் பார்க்கலாம். பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய காரை விற்பவர் அதன் கிலோமீட்டர் வரலாற்றைக் காட்டும் சான்றிதழைத் தந்தே ஆகவேண்டும்.

இவை வானத்து அமுதங்கள் அல்ல. புகைச் சான்று எடுக்க எல்லா வண்டியும் எப்படியும் ஒரு கடைக்குப் போகிறது. அங்கே மீட்டர் எண்ணைப் பதிந்து, 'வாகன்' பதிவேட்டில் வாங்குபவர் பார்க்கும்படி வைத்தால் போதும். 64,000 என்று எங்களிடம் சொன்ன தரகர் வேறு தொழில் தேடியிருப்பார். இருபது ஆண்டு கழித்துப் பத்தாயிரம் வாங்குவதற்குப் பதிலாக, ஐந்தாம் ஆண்டிலிருந்தே எளிய கட்டணத்தில் பிரேக்கையும் டயரையும் சோதித்தால் தொப்பூரில் எங்களுக்கு நேர்ந்தது நேர்ந்திராது. வயதைத் தண்டிக்கக் காகிதம் போதும். நிலையைச் சோதிக்க உழைப்பு வேண்டும். அரசு எளியதைத் தேர்ந்திருக்கிறது.

*

நண்பருக்கு ஒரு சொல். நடைபாதையில் முப்பது ரூபாய்க்குக் கிடைத்த, அட்டை போன பழைய புத்தகத்தைக் கையில் ஏந்திப் பெருமிதம் கொள்கிறீர்கள். அதைப் பைண்டு செய்து, பூச்சி எடுத்து, இன்னும் முப்பது ஆண்டு வாழவைப்பதைப் பண்பாடு என்கிறீர்கள். பழைய பொருளைப் பேணத் தெரிந்த கை அதே கைதான். தங்கள் முதல் தொகுப்பின் இருநூறு பிரதிகள் ஈரோடு போய்ச் சேர்ந்ததும் இந்த வேனில்தான் என்பதை நினைவுபடுத்துவது உரிமையால், குத்திக்காட்ட அல்ல.

2027இல் எங்கள் வண்டிக்கு இருபது வயது நிறையும். பதிவையும் மறுபடி புதுப்பிக்கவேண்டி வரும். ஐவரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதற்கு முன் அண்ணன் ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடித்தளத்தையும் சேஸிஸையும் அவர் திருப்புளியால் குத்திப் பார்ப்பார். திருப்புளி துருவைத் துளைத்து உள்ளே இறங்கினால், அன்றைக்கே நாங்களே காயலான் கடைக்கு ஓட்டிக்கொண்டு போவோம். எந்தச் சட்டமும் எங்களைத் துரத்த வேண்டியதில்லை. இறங்காவிட்டால், பத்தாயிரத்தைத் திட்டிக்கொண்டே கட்டிவிட்டு மறுபடி ஈரோட்டுக்குக் கட்டுகளை ஏற்றுவோம்.

டப்பாவில் மாதம் 500 ரூபாய் விழுந்துகொண்டிருக்கிறது. பிரேக் ஆயிலை அடுத்து எப்போது மாற்றவேண்டும் என்பது நோட்டில் குறித்திருக்கிறது. யார் கேட்டாலும் இப்போது பதில் சொல்வோம்.